மஞ்சள் கல்லைப் பார்த்து நிறுத்துங்கள்: போனேர் தீவில் குடும்பத்தோடு முதல் ஸ்கூபா

கரீபியன் கடலில் இருக்கும் போனேர் தீவின் மேற்குக் கரைச் சாலையில் போனால் ஓரத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த கற்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். மைல்கல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தக் கல்லருகே வண்டியை நிறுத்தி, காற்று டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தே கடலில் இறங்கினால் கொஞ்ச தூரத்தில் பவளத்திட்டு வந்துவிடும் என்று அதற்கு அர்த்தம்.

குழந்தைகளோடு முதன்முதலாக ஸ்கூபா விடுமுறை போகிறவர்களுக்கு நான் இந்தத் தீவைச் சொல்வதற்கு இந்த மஞ்சள் கல் ஒன்றே போதுமான காரணம். கரீபியனில் அழகான தீவுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் டைவ் என்றால் காலை எட்டு மணிப் படகு. பிள்ளைக்குக் குமட்டினாலும், பயந்து அழுதாலும், காது வலித்தாலும் படகு உங்களுக்காகத் திரும்பாது. இருபது பேர் காசு கட்டி ஏறியிருக்கிறார்கள். போனேரில் பெரும்பாலும் கரையிலிருந்துதான். அழுதால் கரையேறி, ஒரு மாம்பழ ஜூஸ் குடித்துவிட்டு மதியம் மறுபடி இறங்கலாம்.

நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு எட்டு. நானும் கணவரும் நாற்பதைத் தாண்டியபின் நீச்சலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர்கள். இது அப்படிப்பட்ட குடும்பங்களுக்காக எழுதியது. நூறு டைவ் முடித்தவர்கள் வேறு பக்கம் பார்க்கலாம்.

யார் யார் இறங்கலாம்

விமான டிக்கெட்டைத் தொடுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களின் வயதை ஒரு தாளில் எழுதுங்கள். உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் பாடி (PADI) என்ற டைவ் பயிற்சி அமைப்பின் விதிகளை வைத்துச் சொல்கிறேன். எட்டு வயதுக்குக் கீழே ஸ்கூபா கிடையாது. ஸ்நார்கெல் (மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்ப்பது) மட்டும்தான், அதுவே போனேரில் பெரிய விருந்து. எட்டு வயதானால் பயிற்சியாளரோடு 2 மீட்டர் ஆழம் வரை டேங்க் மாட்டிப் பார்க்கலாம். பத்து வயதில் ஜூனியர் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கச் சான்றிதழ் எடுக்கலாம். ஆனால் 10, 11 வயதுப் பிள்ளைகளுக்கு 12 மீட்டர்தான் எல்லை. கூடவே சான்றிதழ் பெற்ற பெற்றோரோ காப்பாளரோ, அல்லது தொழில்முறை டைவரோ இருந்தாக வேண்டும். 12 முதல் 14 வரை 18 மீட்டர், உடன் சான்றிதழ் உள்ள பெரியவர் ஒருவர். பெரியவர்களின் தொடக்கச் சான்றிதழுக்கும் 18 மீட்டர்தான்.

இதிலிருந்து வரும் முடிவு எளிது: குடும்பத்தில் சான்றிதழோடு இறங்குகிறவர்களில் சின்னவரின் ஆழம்தான் எல்லாருடைய ஆழமும். எங்கள் வீட்டில் அது 12 மீட்டர். குறைவு என்று தோன்றலாம். போனேரில் பவளத்திட்டு பல இடங்களில் 5 மீட்டரிலேயே தொடங்கி, 10 மீட்டர் வாக்கில் விளிம்பாக மடங்கிச் சரிகிறது. வெளிச்சமும் நிறமும் மீனும் அதிகம் இருப்பது அந்த மேல் பகுதியில்தான். சிவப்பு நிறமெல்லாம் ஆழத்தில் மங்கிவிடும். 12 மீட்டரில் நின்ற எங்களுக்கு எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

அடுத்தது உடம்பு. டைவ் கடையில் ஒரு மருத்துவக் கேள்வித்தாள் கொடுப்பார்கள். ஆஸ்துமா, காது அறுவைச் சிகிச்சை, வலிப்பு, இதயம், சர்க்கரை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேட்கும். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று போட்டாலே மருத்துவர் கையெழுத்தில்லாமல் தண்ணீரில் விடமாட்டார்கள். இங்கேதான் நாங்கள் கோட்டைவிட்டோம். கணவருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. தீவுக்குப் போய் இறங்கிய பிறகு உண்மையைச் சொல்லி ‘ஆம்’ போட்டார். மருத்துவரைத் தேடி, காத்திருந்து, கையெழுத்து வாங்குவதற்குள் ஒரு முழு நாள் போயிற்று. கேள்வித்தாள் இணையத்தில் கிடைக்கிறது. ஊரிலேயே நிரப்பி, தேவைப்பட்டால் உங்கள் மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிப் பையில் வையுங்கள். பொய்யாக ‘இல்லை’ போடும் யோசனை மட்டும் வேண்டாம்.

கடைசியாக, ஆசை. பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ‘இவ்வளவு காசு கட்டியிருக்கிறோம்’ என்று சொல்லிக் கடலில் இறக்குவதைவிட ஆபத்தானது வேறில்லை.

பாதிப் பாடத்தை ஊரிலேயே முடியுங்கள்

ஓப்பன் வாட்டர் பயிற்சியில் மூன்று பகுதி உண்டு: படிப்பு, நீச்சல் குளம், கடலில் நான்கு டைவ். மூன்றையும் தீவிலேயே செய்தால் விடுமுறையில் பாதி, வகுப்பறையிலும் குளோரின் நாற்றத்திலும் கழியும். முதல் இரண்டையும் நீங்கள் இருக்கும் ஊரிலேயே முடித்து, ‘ரெஃபரல்’ கடிதம் வாங்கிக்கொண்டு போய், கடைசி நான்கு டைவை மட்டும் போனேரில் செய்யலாம். கடிதம் எத்தனை மாதம் செல்லும் என்று கேட்டு வாங்குங்கள். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்புகிறவர்களும் இப்படிச் செய்யலாம். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இப்போது பயிற்சி தருகிறார்கள்.

படிப்பு கடினமில்லை. நாங்கள் இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மகளோடு சேர்ந்து படித்தோம். எங்களைவிட அவள் நன்றாக மதிப்பெண் வாங்கினாள், அது வேறு விஷயம். பிள்ளைகளுக்கு அழுத்தத்தைப் புரியவைக்க ஒரு சிப்ஸ் பாக்கெட் போதும். மலையேறும்போது அது உப்பிக்கொள்ளும் அல்லவா? கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகி, காற்று பாதி இடத்தில் அடங்கிவிடும். மேலே வரும்போது அதே காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரலும் ஒரு சிப்ஸ் பாக்கெட்தான். அதனால்தான் ஸ்கூபாவின் முதல் விதி, எந்த நேரத்திலும் மூச்சைப் பிடிக்காதே என்பது. குளத்தில் தலையை முக்கியதும் மூச்சை அடக்கும் பழக்கம் நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஊறியது. அதை மறக்கவைக்கக் குளத்தில் கூடுதலாக ஒரு நாள் செலவழித்தால் தப்பில்லை.

சான்றிதழுக்கு நீச்சல் சோதனையும் உண்டு: 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், நேரக் கணக்கில்லை, பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் தேவையில்லை, பதறாமல் இருந்தால் போதும்.

எப்போது, எப்படி, என்ன காகிதம்

போனேர் வெனிசுவேலாக் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே இருப்பதால், மற்றத் தீவுகள் பயந்துகொண்டிருக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில்கூட இங்கே போகலாம். தூரத்துப் புயலின் அலை வந்து இடித்த வரலாறு உண்டு: 1999இல் லென்னி, 2008இல் ஒமர். ஆனால் அது அபூர்வம். தண்ணீரின் வெப்பம் ஆண்டு முழுக்க 26 முதல் 29 டிகிரி. மழை சொற்பம், வருவதும் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரிக்குள். பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறித்தாலே போதும்.

அமெரிக்காவின் சில நகரங்களிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் நேரடி விமானம் உண்டு. பல அமெரிக்கத் தடங்களில் வாரக் கடைசி மட்டும்தான்; ஆகவே பயணத்தின் நீளத்தை விமானமே தீர்மானித்துவிடும். ஏழு நாள் நல்ல அளவு.

2010 அக்டோபர் 10 முதல் போனேர் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனில் சேராது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கரீபியன் பகுதிக்கு விசா விதி தனி. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் விசாவோ குடியிருப்பு அட்டையோ போதுமா என்று டச்சு அரசின் தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பணம் அமெரிக்க டாலர்தான், 2011 முதல்.

இரண்டு கட்டணங்களைக் கிளம்புவதற்கு முன்பே அதிகாரபூர்வத் தளங்களில் கட்டிவிடுங்கள். ஒன்று தீவுக்குள் நுழையும் வரி: பெரியவர்களுக்கு 75 டாலர், 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 10. இன்னொன்று கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம், 40 டாலர். அந்த ஆண்டு முடியும் வரை செல்லும். தொகை அவ்வப்போது மாறுவதுண்டு, கட்டும் அன்று ஒருமுறை சரிபாருங்கள். அந்த 40 டாலரைக் கொடுக்க எனக்கு மனம் நோகவில்லை. 1979இல் தொடங்கிய பூங்கா இது. தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். 1971லேயே இங்கே ஈட்டியால் மீன் குத்துவதைத் தடைசெய்துவிட்டார்கள். மீன்கள் நம்மைக் கண்டு ஓடாததற்குக் காரணம் அதுதான்.

டைவ் விபத்துக் காப்பீடும் எடுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் ஸ்கூபாவைச் சேர்க்காது. தலைநகர் கிராலென்டைக்கில், வேகமாக மேலே வந்து உடம்பு பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் அழுத்தக்கூண்டுச் சிகிச்சை வசதி இருக்கிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் அதன் கட்டணத்தைக் கையிலிருந்து கொடுக்கும்படி ஆகிவிடக்கூடாது.

வீடும் வண்டியும்

சமையலறை உள்ள வீடு எடுங்கள். சைவச் சாப்பாட்டுக்கு உணவகங்களை நம்ப முடியாது; ஒவ்வொரு வேளையும் வெளியே சாப்பிட்டால் செலவும் எகிறும். சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். பருப்புப் பொடி, ரசப்பொடி, ஊறுகாய் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தாராளமாகக் குடிக்கலாம். மின்சாரம் 127 வோல்ட், ஆகவே இந்தியாவிலிருந்து எடுத்துவரும் 230 வோல்ட் ரைஸ் குக்கரில் சோறு வேகாது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் கபிரித்து ஸ்தோபா என்ற ஆட்டுக்கறிக் குழம்பைத் தேடிப்பிடியுங்கள். நம் நாக்குக்குக் காரம் போதாது; ஊறுகாய் அங்கேதான் உதவும்.

வண்டி என்றால் பிக்கப் டிரக். டேங்க், ஈர உடை, மணல் எல்லாவற்றையும் பின்னால் போட்டுவிடலாம். பின் கதவைத் திறந்து போட்டால் அதுவே மேசை. ஓட்டுவது வலப்பக்கம். கழுதைகள் சாலையில் சுதந்திரமாகத் திரியும். சாயங்காலம் மெதுவாக ஓட்டுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம் ஒன்று: டைவ் இடத்தில் வண்டியைப் பூட்டாமல், கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகச் சொல்வார்கள். தண்ணீருக்குள் போனவர் ஒரு மணி நேரம் திரும்பமாட்டார் என்று திருடனுக்கும் தெரியும். உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணுக்குத் தெரிந்தால் கண்ணாடியை உடைக்கமாட்டான். பாஸ்போர்ட், போன், பணப்பை எல்லாம் வீட்டில். வண்டியில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும். வண்டிச் சாவி விஷயத்தில் வாடகைக் கடைக்காரரைக் கேளுங்கள். ரிமோட் சாவி உப்புத்தண்ணீரில் நனைந்தால் கதை முடிந்தது.

என்ன வாங்க, என்ன வாடகைக்கு எடுக்க

பெரிய கருவிகள் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளை அளவு ஜாக்கெட்டும் (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் உடை) சின்ன டேங்க்கும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். பள்ளி விடுமுறை வாரத்தில் தட்டுப்பாடு வரும். சொந்தமாக வாங்க வேண்டியவை இரண்டு. முதலாவது முகமூடி. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால் அது உங்களுக்கானது. இரண்டாவது அடிப்பாகம் தடித்த டைவ் காலணி. இங்கே கரை நம் மெரினா மாதிரி மணல் அல்ல. உடைந்த பவளமும் கூரான சுண்ணாம்புப் பாறையும்தான். மெல்லிய காலணியோடு போய் முதல் நாளே கால் கிழித்துக்கொண்டவள் சொல்கிறேன்.

மீசைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முகமூடியின் கீழ் விளிம்பு மேலுதட்டில் உட்காரும். மீசை இருந்தால் அந்த இடுக்கில் தண்ணீர் கசியும். மூக்குக்கு நேர் கீழே ஒரு நூலளவு சிரைத்துவிட்டால் போதும், முழுசாக எடுக்க வேண்டாம். என் கணவர் முதல் இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் காலை, யாரும் கேட்காமலே கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். பெண்பிள்ளைகளுக்கு முடியை இறுக்கிப் பின்னிவிடுங்கள். நெற்றியில் ஒரு முடி மாட்டினாலும் இதே கதைதான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளின் உதடு நீலம்பாரிக்கும். அவர்களுக்கு 3 மில்லிமீட்டர் முழுநீள உடை வேண்டும். சன்ஸ்கிரீனில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் இருக்கக்கூடாது. பவளத்துக்குக் கேடு என்று போனேரில் 2021 முதல் தடை. முழுக்கைச் சட்டை போட்டுவிட்டால் சன்ஸ்கிரீன் செலவே பாதியாகிவிடும். கையுறை கொண்டுபோகாதீர்கள், அதுவும் தடை. கையில் உறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும் என்பதுதான் காரணம்.

முதல் நாள்

எத்தனை டைவ் முடித்தவராக இருந்தாலும் முதலில் பூங்கா விதிகளைக் கேட்டு, டைவ் கடைக்கு எதிரே உள்ள கடலிலேயே ஒரு சோதனை டைவ் செய்தாக வேண்டும். புதியவர்களுக்கு இது வரம். மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடையைச் சரிபார்ப்பது இங்கேதான். ஜாக்கெட்டில் காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு நிமிர்ந்து மிதந்தால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். புதியவர்கள் பயத்தில் கூடுதல் ஈயத்தைக் கட்டிக்கொள்வார்கள். பிறகு அடியில் புழுதி கிளப்பிக்கொண்டு, ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி இறக்கியே டேங்க் காலியாகும்.

சைகைகளை முந்தைய இரவு வீட்டிலேயே பழகிவிடுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் ‘சூப்பர்’ இல்லை, ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம். எங்கள் மகள் ஆமையைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்க, பயிற்சியாளர் அவளை அழைத்துக்கொண்டு மேலே கிளம்பிவிட்டார். ஆமை கீழேயே மேய்ந்துகொண்டிருந்தது.

முதல் இரண்டு நாளுக்காவது ஒரு வழிகாட்டியை அமர்த்துங்கள். சான்றிதழ் உள்ள அப்பாவோடு பிள்ளை இறங்கலாம் என்று விதி சொல்கிறது, சரி. ஆனால் அப்பாவும் நேற்றுத்தான் சான்றிதழ் வாங்கியவர் என்றால் யாருக்கு யார் துணை? நாங்கள் மூன்று நாள் வழிகாட்டியோடு போனோம். செலவுதான். ஆனால் தனியாகப் போயிருந்தால் பாதி உயிர்களைப் பார்த்தே இருக்கமாட்டோம். பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கும் தவளைமீனை நம் கண் கண்டுபிடிக்காது.

காது

இதற்குத் தனி இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் குடும்ப டைவ்கள் கெடுவது பெரும்பாலும் காதில்தான். கொடைக்கானல் மலைப்பாதையில் காது அடைக்குமே, அதேதான்; ஆனால் கடலில் பல மடங்கு வேகமாக. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மெதுவாக ஊதினால் ‘பக்’கென்று திறக்கும். வலித்தபிறகு ஊதக்கூடாது, வலிக்கும் முன்பே ஊத வேண்டும். தலை தண்ணீருக்குள் போனதும் ஒருமுறை, அப்புறம் அரை மீட்டருக்கு ஒருமுறை. கால் கீழே, தலை மேலே இருக்கும்படி இறங்கினால் எளிதாகத் திறக்கும். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பலமாக ஊதினால் செவிப்பறைக்கு ஆபத்து.

சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு போனால், ஆழத்தில் மருந்தின் வேகம் குறைந்து, மேலே வரும்போது காற்று சிக்கிக்கொள்ளும். விமானத்தில் ஏசிக் காற்று பட்டுப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால், முதல் இரண்டு நாளைக் கரைக்கு ஒதுக்குங்கள்.

கரையிலிருந்து இறங்கும் முறை

வண்டியை நிறுத்தியதும் கருவியைத் தொடாதீர்கள். ஐந்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் வருகிறது? மற்றவர்கள் எங்கே நுழைகிறார்கள்? படகு கட்டும் மிதவை எந்தப் பக்கம் இழுபடுகிறது? நீரோட்டம் அதிலேயே தெரியும். வெள்ளை நுரையைப் பார்த்து மனம் ஒப்பவில்லை என்றால் அடுத்த மஞ்சள் கல்லுக்குப் போங்கள். கல்லுக்கா பஞ்சம்?

பிறகு டிரக்கின் பின் கதவில் வைத்துக் கருவியைப் பூட்டுங்கள். வால்வை முழுசாகத் திறந்து, காற்றழுத்த அளவியைப் பார்த்துக்கொண்டே, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டரில் நாலு மூச்சு இழுங்கள். முள் ஆடினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. ஒருவருக்கு இன்னொருவர் சோதியுங்கள். பிள்ளையின் கருவியை இரண்டு பேர் பாருங்கள். காலில் மாட்டும் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து இடுப்பளவு தண்ணீர் வரை நடந்து, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு அங்கே துடுப்பை மாட்டுங்கள். அலைக்கு முதுகையோ முகத்தையோ காட்டுவதைவிடப் பக்கவாட்டில் நின்றால் தள்ளாடமாட்டீர்கள்.

மேலே மிதந்தபடியே பவள விளிம்பு வரை நீந்தி, அங்கே இறங்குங்கள். இறங்கிய இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: மிதவையின் கயிறு, பெரிய மூளைப்பவளம், ஏதோ ஒன்று. முதலில் நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்தபின் திரும்பும்போது கடலே தள்ளிக்கொண்டு வரும். பவளம் வலத்தோள் பக்கம் இருந்தால், திரும்பும்போது இடத்தோள் பக்கம். வழி தவறவே முடியாது. டேங்க்கின் காற்றழுத்தம் 200 பாரில் தொடங்கி, யாராவது ஒருவருக்கு 120 ஆனதும் எல்லாரும் திரும்புங்கள். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, டேங்க்கில் 50 பார் மிச்சம் வைத்துக் கரையேறுங்கள்.

இரண்டு பெரியவரும் ஒரே நேரத்தில் இறங்கத் தேவையில்லை. காலையில் கணவரும் மகளும் கடலில், நானும் மகனும் ஆழமில்லாத இடத்தில் ஸ்நார்கெல்; மதியம் மாற்றிக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு டைவ் போதும். ‘எத்தனை டேங்க் வேண்டுமானாலும்’ என்ற திட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வேறு ரகத்தினருக்கு.

எந்தக் கல்லில் நிறுத்துவது

முதல் நாட்களில் நகரத்தை ஒட்டிய பாரி ரீஃப் மாதிரியான இடங்கள். படித்துறை, ஏணி, பக்கத்திலேயே கழிப்பறை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் பவளத்தைவிட முக்கியம். தெற்கே சால்ட் பியர்: உப்புக் கப்பல் கட்டும் துறையின் தூண்களில் கடற்பஞ்சும் பவளமும் வளர்ந்து, நடுவே சூரிய ஒளி சாய்ந்து விழும். கோவில் மண்டபத்தில் மீன்கள் நடமாடுவது போல இருக்கும். ஆழமும் குறைவு. கப்பல் நிற்கும்போது இறங்கக்கூடாது, அன்று காலையே கடையில் கேளுங்கள். எங்கள் எல்லாருக்கும் பிடித்த இடம் இதுதான்.

வடக்கே 1000 ஸ்டெப்ஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உண்மையில் எழுபது படிகூட இல்லை. டேங்க்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது ஆயிரமாகத் தெரியும். பிள்ளைகளின் டேங்க்கையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும் என்பதால் இதைக் கடைசி நாட்களுக்கு வையுங்கள். அதைத் தாண்டினால் சாலை ஒருவழி. கர்பாட்டா வரை போனால் ரிங்கோன் கிராமம் வழியாகச் சுற்றித்தான் திரும்ப முடியும்.

ஹில்மா ஹூக்கர் என்ற கப்பலைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். கஞ்சா கடத்தி மாட்டி, 1984 செப்டம்பரில் மூழ்கிய 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். பக்கவாட்டில் சாய்ந்து, 18 முதல் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பதினொரு வயதுக்கு அங்கே அனுமதியில்லை. புதிதாகச் சான்றிதழ் வாங்கிய பெரியவரும் மேல் விளிம்போடு நின்றுவிட வேண்டும். ஆனால் தண்ணீர் அவ்வளவு தெளிவு: மேலே ஸ்நார்கெலில் மிதந்தாலே முழுக் கப்பலும் நிழலாகத் தெரியும். மகன் அதைப் பார்த்ததைத்தான் பள்ளியில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தீவின் தென்முனையில் ரெட் ஸ்லேவ் பக்கம் நீரோட்டம் கடுமை. கிழக்குக் கரையில் அலை மோசம். இரண்டும் உங்களுக்கு இல்லை. கிழக்கில் லாக் விரிகுடா மட்டும் விதிவிலக்கு: இடுப்பளவுத் தண்ணீர், அலையாத்திக் காடு, பிள்ளைகள் நாள் முழுக்க விளையாடலாம். ஒரு நாள் படகு டாக்ஸியில், நகரத்துக்கு எதிரே இருக்கும் க்ளைன் போனேருக்குப் போங்கள். ஆளில்லாத தீவு, நிழலும் இல்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

சான்றிதழ் கைக்கு வந்து நம்பிக்கையும் வந்தபின், பெரியவர்கள் மட்டும் வழிகாட்டியோடு ஓர் இரவு டைவ் போகலாம். உங்கள் டார்ச் வெளிச்சத்தில் வேட்டையாட ஆளுயர டார்பான் மீன்கள் காதோரம் உரசிக்கொண்டு போகும். முதல்முறை நான் கத்தியது ரெகுலேட்டருக்குள்ளேயே போய்விட்டது.

கை கட்டிக்கொண்டு நீந்துங்கள்

எதையும் தொடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள், செத்த சிப்பியைக்கூட. பவளம் கல்லல்ல, உயிர். பார்க்க மஞ்சள் பாசி போலிருக்கும் நெருப்புப் பவளம் பட்டால் சுரீரென்று எரியும். அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சுவிடத்தான், கடிக்க அல்ல. பொந்துக்குள் கையை விட்டால் மட்டும் கடிக்கும். ஷீலா மீன் பக்கத்தில் வந்து முறைத்துக்கொண்டு நிற்கும், வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விடும்.

2023இல் இங்கேயும் கல்பவளங்களைச் சாகடிக்கும் திசுநோய் வந்துவிட்டது. அதனால் கருவிகளைக் கடையில் வைத்திருக்கும் மருந்துக் கரைசலில் முக்கி அலசச் சொல்வார்கள். பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

கடைசி நாள்

பல நாள் டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. நான் 24 மணி நேரம் என்றே கணக்கிடுகிறேன். விமானம் மதியம் ஒரு மணிக்கு என்றால், முந்தைய நாள் மதியம் ஒரு மணிக்குமேல் டேங்க்கைத் தொடுவதில்லை. ஸ்நார்கெல் செய்யலாம்.

அந்த நாளைத் தெற்குச் சாலைக்குக் கொடுங்கள். உப்பளப் பாத்திகள் இளஞ்சிவப்பாகக் கிடக்கும், பின்னால் உப்பு மலைகள், தூரத்தில் பூநாரைகள். கடலோரத்தில் 1850 வாக்கில் கட்டிய அடிமைக் குடில்கள் வரிசையாக நிற்கின்றன. உப்பு வாரிய அடிமைகள் இரவில் முடங்கிய இடம். வாசல் மகனின் உயரம்கூட இல்லை. வார இறுதியில் அவர்கள் ரிங்கோனில் இருந்த குடும்பத்தைப் பார்க்க ஏழு மணி நேரம் நடந்தார்களாம். நெதர்லாந்து தன் கரீபியன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது 1863இல். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் அங்கே படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வீடு திரும்பியதும் முகமூடியையும் காலணியையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்; ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பெட்டி முழுக்க நாறும். அன்றிரவே எல்லாரும் உட்கார்ந்து டைவ் பதிவேட்டை எழுதி முடியுங்கள்: இடம், ஆழம், எத்தனை நிமிடம், எத்தனை கிலோ ஈயம். அடுத்த முறை எந்தத் தீவுக்குப் போனாலும் கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். வெகுநாளாகியிருந்தால் குளத்தில் மறுபயிற்சி கேட்பார்கள். ஈயக் கணக்கு கையில் இருந்தால் முதல் நாள் பாதி வேலை மிச்சம். மகளுக்கு 3 கிலோ, எனக்கு 6. கணவருடைய பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார்: 7 கிலோ, மீசை மேல்புறம் சிரைக்கவும்.